மடிக்கணினியை மீட்டுத் தந்த மூவருக்கு

அன்புடையீர், வணக்கம்.

என் மடிக்கணினியில் விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04-ஐயும் நிறுவப் போய், உள்ளதும் போச்சு என்று நான்கு நாட்கள் தவித்தபோது கைகொடுத்த உங்கள் மூவருக்கும் நேரில் நன்றி சொல்லிவிட்டேன் என்றாலும், யார் என்ன செய்தீர்கள் என்பது எழுத்திலும் இருக்க வேண்டும் என்று தோன்றியதால் இம்மடலை எழுதுகிறேன்.

நிறுவல் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, 'ஆர்எஸ்டி இயங்குகிறது, அதை நிறுத்தினால்தான் மேலே போக முடியும்' என்ற அறிவிப்பு வந்து நின்றது. அது வட்டுகளைக் கையாளும் இன்டெல்லின் ஏற்பாடு என்பதோ, அது இயங்கும்வரை உள்ளிருக்கும் எஸ்எஸ்டி என்னும் சேமிப்பு வட்டு லினக்ஸின் கண்ணில் படாது என்பதோ அன்று எனக்குத் தெரியாது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் நுழைந்து, வட்டைக் கையாளும் முறை 'ரெய்டு' (ஆர்எஸ்டி வழி) என்றிருந்ததை 'ஏஹெச்சிஐ' (ஆர்எஸ்டி இல்லாத பொதுமுறை) என்று மாற்றினேன். வட்டு தெரிந்தது; விண்டோஸ் நீலத் திரையோடு படுத்துவிட்டது. பதினோர் ஆண்டுகளாகச் சேர்த்த இயற்பியல் வினாத்தாள்கள், அதுவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை, அதற்குள் இருந்தன. கொண்டுபோய்க் காட்டிய கடையில், 'ஃபார்மட் அடிச்சிடலாம் சார்' என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு பெங்களூருவிலிருந்து பேசிய என் பழைய மாணவரே, முதல் நன்றி உங்களுக்கு. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் உங்களுக்குக் கிடைத்த கணினியில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. வகுப்பில் பலர் அதை அழித்துவிட்டுப் படங்களுக்கு இடம் பிடித்தபோது நான் தடுக்கவில்லை, நீங்கள் மட்டும் அதை நோண்டிக்கொண்டிருந்தீர்கள். 'சார், மறுபடியும் ரெய்டுக்கே மாத்துங்க, ஒண்ணும் ஆகாது' என்றீர்கள். மாற்றியதும் விண்டோஸ் எழுந்து, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. அப்படி ஒரு பூட்டு என் கணினியில் போடப்பட்டிருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து அதை எடுக்க வைத்து, ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகளை நோட்டில் எழுத வைத்து, ஒவ்வொன்றையும் இருமுறை வாசிக்கச் சொன்னீர்கள். ஐந்தாம் தொகுதியில் 7-ஐ 1 என்று எழுதியிருந்தேன்.

பிறகு பிட்லாக்கரை முற்றிலும் நீக்கச் சொல்லி, அது முடியும்வரை ஒன்றரை மணி நேரம் எதையும் தொடவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த முறை, அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோடில்) எழும்படி விண்டோஸிடம் முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே பயாஸில் ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும் என்ற வரிசைதான் இதில் சூட்சுமம். பாதுகாப்பு முறையில் ஒருமுறை எழுந்தால் விண்டோஸ் வட்டை இயக்கத் தனக்கு வேண்டிய டிரைவர் என்னும் மென்பொருளைத் தானே கண்டுகொள்ளும் என்று நீங்கள் விளக்கியபோது, நான் செய்த அதே மாற்றத்தைத்தான் நீங்களும் செய்தீர்கள், ஒரே ஒரு படி முன்னதாகச் சேர்த்து, என்பது விளங்கியது.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தொலைபேசித் துறைப் பொறியாளர் ஐயாவுக்கு அடுத்த நன்றி. அதன் பிறகு நிறுவிய உபுண்டு நன்றாக ஓடியும் பள்ளிப் புரொஜெக்டரில் படம் வரவில்லை. கேபிளை இரண்டு முறை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. இந்த மடிக்கணினியின் ஹெச்டிஎம்ஐ துளை என்விடியா கிராஃபிக்ஸ் அட்டையோடு இணைந்திருக்கிறது, அந்த அட்டையின் டிரைவரே ஏறவில்லை என்று கண்டுபிடித்தவர் தாங்கள். டிரைவரை, கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலில் ஏற்றிப் பார்த்தபோது 'சாவி நிராகரிக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரே ஒரு வரி வந்தது. 'முதல் ரீஸ்டார்ட்டில் நீலமாக ஒரு திரை வந்ததா?' என்று கேட்டீர்கள். வந்தது. விண்டோஸின் நீலத் திரைக்கு ஏற்கெனவே சூடுபட்டிருந்த நான், அதுவும் ஏதோ பிழை என்று பயந்து 'தொடர்க' என்பதை அழுத்தித் தப்பித்திருந்தேன். நம்பகமான கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் விழித்திருக்கும் கணினியில், டிரைவரின் கையொப்பத்துக்குரிய சாவியைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்கும் திரையாம் அது. செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் இரண்டு நிமிட வேலை என்று தெரிந்தும் அதைச் செய்யாமல், சாவியை மீண்டும் பதியவைத்து, அந்தத் திரையை மறுபடி வரவழைத்து, கடவுச்சொல்லை என் கையாலேயே இடச் செய்தீர்கள். மறுநாள் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு ஒளிவிலகல் படத்தைச் சுவரில் பார்த்தது.

எங்கள் பள்ளி ஆய்வக உதவியாளர் அம்மையாருக்கும் என் நன்றி. நிறுவலுக்கான பென்டிரைவும், வைஃபை கிடைக்காத நேரத்தில் யுஎஸ்பி வழியே இணையம் கொடுத்த கைபேசியும் உங்களுடையவை. மூன்று ஜிபி போயிற்று என்று சிரித்தீர்களே தவிரக் கணக்குக் கேட்கவில்லை. அந்தப் பென்டிரைவ் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. உபுண்டுவை அழிக்காமல் திங்கட்கிழமை அப்படியே கொண்டுவந்து தருகிறேன். ஆய்வகத்தின் மூன்றாம் கணினிக்கும் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா.

நன்றியுடன்,
இயற்பியல் ஆசிரியர்