கப்பில் உங்கள் பங்கு எவ்வளவு, காக்கா?

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் வளர்த்த நம் ஊர் கால்பந்து டீம், இப்போதைய கோச் தம்பியின் கையில் கப்பு வாங்கியதைப் பற்றி ஊர் குரூப்பில் நீங்கள் போட்ட வாய்ஸ் நோட்டைக் கேட்டேன். நான் மட்டுமா, ஊரே கேட்டுவிட்டது. "வெயில்ல நின்னு நான் உருவாக்குன டீம். கப்பு வாங்குனதும் பேனர்ல என் பேர் எங்க?" என்று கேட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே நடந்த சண்டையையும் பார்த்திருப்பீர்கள். காக்கா இல்லையென்றால் டீமே இல்லை என்று பாதிப் பேர். ஷார்ஜாவில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கப்பில் பங்கு கேட்பதா என்று மீதிப் பேர். அங்கே பதில் எழுதினால் நடுவில் நாலு பேர் ஸ்டிக்கர் போடுவார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பேனரில் உங்கள் பெயர் இருந்திருக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் கப்பே உங்களுடையது என்கிற மாதிரி பேசினீர்களே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்களுக்குப் பிடித்த இங்கிலாந்து கிளப் செல்சியிலிருந்தே தொடங்குகிறேன். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சின்ன ஊரில் நீல ஜெர்சியைக் கொண்டுவந்தவரே நீங்கள்தான். அதன் கோச் மொரின்யோ, மொரின்யோ என்று எங்கள் காதைக் குடைந்துவிட்டீர்கள். 2004-05 சீசனில் இங்கிலாந்து லீக் சாம்பியன், 95 புள்ளி, மொத்த லீக்கிலும் வாங்கியது 15 கோல்தான் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் படித்ததைவிட எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சரி, அதற்கு முந்தைய வருஷம் அந்த டீமை வைத்திருந்தது யார்? கிளாடியோ ரானியேரி. அந்தப் பெயரை உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

2001-ல் வெஸ்ட் ஹாமிலிருந்து லம்பார்டைக் கொண்டுவந்தது ரானியேரி காலத்தில். ஜான் டெர்ரி பின்வரிசையில் நிலையாக நின்றது அவர் காலத்தில். மக்கலேலே, டஃப், ஜோ கோல் வந்ததும் அப்போதுதான். பீட்டர் செக், ராபன் இரண்டு பேருக்கும் மொரின்யோ வருவதற்கு முன்பே கிளப் பேசி முடித்துவிட்டது. 2003-04-ல் அந்த டீம் 79 புள்ளி எடுத்து இரண்டாவது இடத்தில் வந்தது. முதலிடத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஆர்சனல். அப்படிப் பார்த்தால் 2005 கப்பில் பாதி ரானியேரிக்குத்தானே போகவேண்டும்?

ஆனால் அதே 2004 ஏப்ரலில் ஐரோப்பிய கிளப்புகள் ஆடுகிற சாம்பியன்ஸ் லீக் செமியில் மொனாகோவிடம் என்ன நடந்தது? ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கும்போது மொனாகோ ஆள் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரை வைத்து ஆடுகிற டீமுக்கு எதிராக ரானியேரி ஆளை மாற்றினார், இடத்தை மாற்றினார், எல்லாம் குழம்பி 3-1 என்று தோற்றார். திரும்ப ஆடிய ஆட்டத்தில் 2-2, அத்தோடு போச்சு. அந்த மொனாகோவை ஃபைனலில் 3-0 என்று அடித்தது யார் டீம் தெரியுமா? அப்போது போர்ட்டோவில் இருந்த மொரின்யோவின் டீம். ஆட்களைச் சேர்ப்பது ஒரு கை, அன்றைக்கு ஆட்டத்தை நடத்துவது இன்னொரு கை. அடுத்த வருஷம் செல்சி வாங்கிய கோல் 30-லிருந்து 15-க்கு இறங்கியதில் கோலி செக்குக்கும் பங்கு உண்டு, பின்வரிசைக்குப் புதிதாக வந்த கார்வால்யோவுக்கும் உண்டு. ஆனால் அவர்களை எப்படி நிறுத்துவது என்று தெரிந்த ஆள், மொரின்யோ, கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது இனிமேல் வருவதுதான். பதினோரு வருஷம் கழித்து அதே ரானியேரி லெஸ்டர் என்ற இன்னொரு இங்கிலாந்து கிளப்புக்குப் போகிறார். அங்கே முன்னாள் கோச் நைஜல் பியர்சன். 2014-15-ல் கடைசி இடத்தில் கிடந்த டீமைக் கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழு ஜெயிக்கவைத்துக் கரையேற்றியவர். அவரை ஜூனில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வார்டி, மஹ்ரெஸ், ஷ்மைக்கேல், கேப்டன் மார்கன் எல்லாரும் பியர்சன் வைத்திருந்த ஆட்கள். ரானியேரி வந்த கோடையில் சேர்ந்த பெரிய ஆள் என்றால் கான்டே. அடுத்த மே மாதம் லெஸ்டர் சாம்பியன், 81 புள்ளி. செல்சியில் முன்னாள் கோச்சாகப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், இங்கே அடுத்தவர் வளர்த்த டீமோடு கப்பைத் தூக்குகிறார். செல்சி கப்பில் பாதி ரானியேரிக்கு என்றால், லெஸ்டர் கப்பில் பாதி பியர்சனுக்கு என்று ரானியேரியே வெட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். இப்படிக் கணக்குப் போட ஆரம்பித்தால் பியர்சனுக்கு முன்னால் இருந்தவர், அவருக்கும் முன்னால் வார்டிக்கு ஊர் மைதானத்தில் பந்து கொடுத்தவர் என்று போய்க்கொண்டே இருக்கும்.

என் அளவுகோல் எளிமையானது. தோற்றிருந்தால் யாரைத் திட்டியிருப்பார்களோ அவருக்குத்தான் கப்பு.

நம் டீமின் செமியை யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. பாதி ஆட்டம் முடிந்ததும் தம்பி உங்கள் செல்லப்பிள்ளையை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நெட்டையாக ஒரு பையனை இறக்கினான். சுற்றி நின்ற கூட்டம் தம்பியின் வாப்பா வரைக்கும் இழுத்துத் திட்டியது. ஐஸ் கம்பெனியில் விடியக்காலை வேலையை முடித்துவிட்டு, மத்தியானம் தூங்காமல் வந்து நிற்கிறவன் அவன். அந்த ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தால் அன்று இரவு டீக்கடைப் பக்கம் அவன் தலைகாட்டியிருக்க முடியாது. உங்களுக்கு ஷார்ஜாவுக்கு போன் போட்டு "காக்கா, நீங்க சரியா சொல்லிக் கொடுக்கல" என்று யாராவது கேட்டிருப்பார்களா? மாட்டார்கள். அதனால் கப்பு அவனுக்கு.

இன்னொன்றும் இருக்கிறது, கோபப்படாமல் கேளுங்கள். ஃபைனலில் கோல் போட்ட பையன் உங்கள் காலத்தில் பெஞ்சில் உட்கார்ந்தே காலம் போக்கியவன். உங்களுக்குப் பதினோரு பேர் முடிவாகிவிட்டால் முடிவுதான். அவன் மனசு வெறுத்துப் பக்கத்து ஊர் டீமுக்குப் போய்விட்டான். தம்பிதான் வீட்டுக்கே போய்ப் பேசிக் கூட்டிவந்தான். 2021-லும் இப்படித்தான். அப்போது கோச்சாக இருந்த லம்பார்டை ஜனவரியில் அனுப்பிவிட்டு டூக்கலைக் கொண்டுவந்தது செல்சி. மே மாதம் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் மவுண்ட் பாஸ் கொடுத்து ஹாவெர்ட்ஸ் கோல் அடித்தார். மவுண்டை முதல் டீமில் இறக்கியதும் லம்பார்ட், ஹாவெர்ட்ஸ் வந்ததும் லம்பார்ட் காலத்தில். ஆனால் அவர் ஓரங்கட்டி வைத்திருந்த ரூடிகரை உள்ளே கொண்டுவந்து, பின்னால் மூன்று பேரை நிறுத்தி அந்த டீமுக்கு முதுகெலும்பு வைத்தது டூக்கல். முன்னாள் கோச்சுக்குப் பாராட்டு என்று ஒரு பக்கம் எழுதினால், அவர் உட்காரவைத்த ஆட்களின் பெயரை எதிர்ப்பக்கம் எழுதத்தான் வேண்டும்.

இதையெல்லாம் எழுதுவதால் உங்களை நான் மறந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நீங்கள் எங்களை வைத்து என்ன செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். வலது காலில் செருப்பு, இடது கால் வெறுங்கால். பந்து வெறுங்காலில் மட்டும்தான் படவேண்டும். சூடு ஆறாத மணலில் அஸருக்குப் பிறகு ஆரம்பித்தால் மஃரிப் பாங்கு வரைக்கும் அதே பயிற்சி. செருப்புக் கால் பந்தில் பட்டால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். அன்றைக்கு உங்களை மனசுக்குள் திட்டாத பையன் இல்லை. இன்றைக்கு நம் டீமில் இரண்டு காலாலும் அடிக்கிற பையன்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், தொண்டி, பெரியபட்டினம் டீம்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களே இது எப்படி என்று கேட்கிறார்கள். சீமைக்கருவேல முள் குத்தி வாரம் ஒரு பந்து காற்று இறங்கும். நீங்கள் பந்தை வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்து ஒட்டுவீர்கள். புதுப் பந்துக்கு எங்கே காசு? விசைப்படகுக்குப் போகிற பையன்களுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலத்தில்தான் முழு நேரப் பயிற்சி, மற்ற மாதங்களில் படகு கரையில் இருக்கிற நாள் பார்த்து என்று அட்டவணை போட்டதும் நீங்கள். இப்போதைய கேப்டனின் வாப்பா "பந்து சோறு போடுமா?" என்று கேட்டபோது அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரவு வரை பேசிச் சம்மதிக்கவைத்ததும் நீங்கள். தம்பிக்கு அந்தக் கேப்டன் ரெடிமேடாகக் கிடைத்தான்.

ஃபிஃபா இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது, தெரியுமா? ஒப்பந்தம் முடிவதற்கு முன் ஒரு வீரரை நாடு விட்டு நாடு வேறு கிளப்புக்கு விற்றால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போகவேண்டும். 12 வயதிலிருந்து 23 வயது வரை கணக்கு. அந்தப் பங்கில் 15 வயது வரை வருஷத்துக்கு 5 சதவீதம், 16-லிருந்து வருஷத்துக்கு 10 சதவீதம். ஒரு கோடிக்கு விலைபோனால் பிரிக்க வேண்டியது ஐந்து லட்சம். சின்ன வயது வருஷம் ஒவ்வொன்றுக்கும் 25,000, பெரிய வயது வருஷத்துக்கு 50,000. நீங்கள் பயிற்சி கொடுத்ததெல்லாம் குறைந்த ரேட்டு வருஷங்கள், காக்கா! அதுவும் பணம் கிளப்புக்குத்தான், கோச்சுக்கு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்த விதியில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்கள் ஆளுக்கு ஆள் கணக்குப் போடுகிறார்கள், கப்புக்குக் கப்பு போடுவதில்லை. எந்தப் பையனை யார் எந்த வயதில் வைத்திருந்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கில் நம் ஊரில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது.

ரஹீம் சாஹிபை நினைத்துப் பாருங்கள். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். இந்திய டீமின் கோச்சாக 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கைப் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்னால் நிறுத்தினார், அவர் ஃபைனலில் கோல் போட்டார். கோலியாக நின்றது நம் பீட்டர் தங்கராஜ். அடுத்த வருஷமே சாஹிப் புற்றுநோயில் மவுத்தாகிவிட்டார். 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம். நாலு டீம்தான் ஆடின, இருந்தாலும் இரண்டாம் இடம் இரண்டாம் இடம்தானே. அப்போது கோச் ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயர். ஆடியவர்களில் பலர் சாஹிப் பட்டை தீட்டிய ஆட்கள். அந்த இரண்டாம் இடத்தில் சாஹிபுக்குப் பங்கில்லை என்று எவனாவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆனால் 1970 ஆசிய விளையாட்டு வெண்கலத்துக்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் நமக்குக் கால்பந்துப் பதக்கமே இல்லை. ஒரு வாத்தியார் வளர்த்த ஆட்கள் ஆடி முடித்தார்கள், அடுத்த தலைமுறையை அதே மாதிரி வளர்க்க ஏற்பாடு இல்லை. முன்னாள் கோச்சின் புண்ணியம் அவர் பையன்கள் ஆடுகிற வரைக்கும்தான் ஓடும். நம் டீமுக்கும் இன்னும் மூன்று நாலு வருஷம் ஓடலாம், அவ்வளவுதான். பதின்மூன்று வயதுப் பையன்கள் இப்போது மைதானத்துக்கு வருவது குறைந்துவிட்டது. கப்பைவிட எனக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருக்கிறது. தம்பிக்குச் சின்னப் பையன்களை மேய்க்கப் பொறுமை இல்லை, அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், அவனும் படிப்பான்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நான் சொல்லப்போவது இதுதான். பேனர் கிழிந்தாயிற்று, அதை விடுங்கள். கிளப் நோட்டில் ஒவ்வொரு பையன் பெயருக்கும் நேராக, அவனை முதலில் மைதானத்துக்குக் கொண்டுவந்தது யார் என்று எழுதிவைப்போம். பாதிக்கு மேல் உங்கள் பெயர்தான் வரும். இந்த வருஷக் கப்புக்கு நேராகத் தம்பி பெயர் மட்டும்.

லீவில் எப்போது வருகிறீர்கள்? வந்தால் காலையில் சின்னப் பையன்களை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்துக்கு என்ன பதில் இருந்தாலும் எனக்கு நேராக போன் பண்ணுங்கள். குரூப்பில் வாய்ஸ் நோட்டு மட்டும் வேண்டாம். உங்கள் வாய்ஸ் நோட்டு முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது.

வஸ்ஸலாம்.

உங்களிடம் செருப்புப் பயிற்சி எடுத்த பழைய லெஃப்ட் பேக்