மூத்தவர்களின் பஸ் சலுகையைப் பிள்ளைகள் கவனியுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நெதர்லாந்தில் சாண்டாம் நகரில் வசிக்கிறேன். கண்ணாடிக் கூடங்களில் பூ வெட்டிக் கட்டும் வேலையில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்றவள். உங்கள் பத்திரிகையை எங்கள் பக்கத்தில் வரி விடாமல் வாசிப்பவர்கள் வயதானவர்கள்தான். ஆனால் இந்தக் கடிதம் அவர்களுடைய பிள்ளைகள், மருமக்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

65 வயது ஆனவர்களுக்கு இந்த நாட்டில் பஸ், டிராம், மெட்ரோ கட்டணத்தில் 34 வீதம் கழிவு உண்டு. பென்சன் வயது 67 ஆகிவிட்டது. ஆனால் இந்தக் கழிவு இன்றைக்கும் 65இலேயே தொடங்குகிறது. அதற்கு வருமானக் கணக்கு காட்டத் தேவையில்லை, யாரிடமும் போய் நிற்கவும் தேவையில்லை. அப்படியிருந்தும் எங்கள் மூத்தவர்களில் பலர் முழுக் காசும் கட்டித்தான் ஏறி இறங்குகிறார்கள். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் கதைத்துப் பார்த்தபோது இதைக் கண்டுகொண்டேன்.

காரணம் அட்டையில் இருக்கிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் கருவியில் தட்டிப் பயணம் செய்யும், காசு ஏற்றும் அட்டையான ஓவே-சிப்கார்ட் இரண்டு விதம். நீல நிறத்தில் வருவது பெயரில்லாதது. யார் விபரமும் பதியாமல் வாங்கியது, யாரும் பாவிக்கலாம். மஞ்சள் நிறத்தில் வருவது ஒருவருக்கென்று படமும் பெயரும் பிறந்த திகதியும் பதிந்து செய்யப்பட்டது. 65ஆவது பிறந்தநாள் வந்ததும் மஞ்சள் அட்டை தானாகவே கழிவைக் கணக்கிடத் தொடங்கிவிடும். நீல அட்டைக்கு அதை வைத்திருப்பவர் பத்து வயதா எண்பது வயதா என்பது தெரியாது. அதனால் முழுக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும்.

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் அக்காவுக்கு அப்போதே வயது எழுபதுக்கு மேல். கணவர் இல்லை. முழங்கால் வருத்தத்துக்காக அடிக்கடி வைத்தியசாலைக்கு பஸ்ஸில் போய் வருகிறவர். மகன் வேறு நகரத்தில் வேலை. நல்ல பிள்ளை, தாய் இயந்திரத்தோடு மல்லுக்கட்டக் கூடாது என்று நீல அட்டை ஒன்றை வாங்கி, வரும்போதெல்லாம் காசு ஏற்றிக் கொடுப்பார். ஒருநாள் இருவரும் சேர்ந்து கடைக்குப் போனோம். ஒரே தரிப்பிடத்தில் ஏறி ஒரே தரிப்பிடத்தில் இறங்கினோம். இறங்கும்போது கருவியின் திரையில் அவருக்குக் காட்டிய தொகை எனக்குக் காட்டியதைவிடக் கூட. அப்போதுதான் அவர் கையிலிருந்த அட்டையின் நிறத்தைக் கவனித்தேன். “சாரதிக்கு என்னைப் பார்த்தாலே தெரியாதா பிள்ளை?” என்று கேட்டார். சாரதி பார்ப்பதில்லை அக்கா, பெட்டிதான் பார்க்கிறது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வருடக்கணக்காக மகனுடைய காசு வீணாய்ப் போயிருக்கிறது என்பதுதான் அவருக்கு வலித்தது. தன்னுடைய காசாக இருந்தால் அவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

மகனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அந்தக் கிழமையே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டார். அப்போது மஞ்சள் அட்டைக்கு 7.50 யூரோ. 3 யூரோ ஆகும் பயணத்துக்குக் கழிவு போக 1.98 யூரோதான் வரும். அப்படிப் பார்த்தால் எட்டுத் தரம் பஸ் ஏறினால் அட்டையின் விலை திரும்ப வந்துவிடும். இவ்வளவு இலகுவான அலுவலை யாரும் செய்து கொடுக்காமல் விட்டதற்கு ஒரே காரணம், அப்படி ஒன்று இருப்பதே அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விண்ணப்பம் டச்சில் வரும், படம் ஏற்ற வேண்டும், வங்கிக் கணக்கால் காசு கட்ட வேண்டும். கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளையின் முகம் பார்ப்பதோடு நிற்கிற ஒருவர் இதைத் தனியாகச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

முன்பு இப்படி இருக்கவில்லை. எண்பதுகளில் நாங்கள் வந்தபோது ஸ்ட்ரிப்பன்கார்ட் என்ற நீளக் கடதாசி டிக்கெட் இருந்தது. மடித்துக் கொடுத்தால் சாரதி முத்திரை குத்துவார். முழுக் கட்டணத்துக்கு நீலம், முதியவருக்கும் சிறுவருக்கும் ரோஸ். மொழி தெரியாத ஒருவருக்கும் கடையில் ரோஸ் நிறத்தைக் காட்டி வாங்கத் தெரியும். 2011 நவம்பரில் அந்த டிக்கெட்டை நாடு முழுக்க நிறுத்தினார்கள். சிப்கார்ட் வந்ததில் நன்மைகளும் உண்டு, மறுக்கவில்லை. எத்தனை வலயம் தாண்டுகிறோம் என்ற கணக்கு வேண்டாம், டிக்கெட்டின் எத்தனையாவது கட்டத்தில் முத்திரை என்று தலையை உடைக்க வேண்டாம். ஆனால் முன்பு கடையில் கேட்டு வாங்கிய கழிவு, இப்போது முதலே விண்ணப்பித்து அட்டை எடுத்தவருக்கு மட்டும் என்றாகிவிட்டது.

ஒரு யூரோ, இரண்டு யூரோதானே என்று இளையவர்கள் நினைக்கலாம். எங்கள் தலைமுறையின் பென்சனைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆஓவே என்கிற அரச பென்சன் இந்த நாட்டில் வாழ்ந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 2 வீதமாகச் சேருகிறது. முழுப் பென்சனுக்கு 50 வருடம் வேண்டும். இங்கே பிறந்தவருக்கு அது பிரச்சினையில்லை. முப்பது வயதில் அகதியாக வந்து இறங்கியவருக்கு 67 வயதில் 37 வருடம்தான், அதாவது 74 வீதம். நாற்பதில் வந்தவருக்கு 54 வீதம். வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு மேலதிக உதவிப்பணம் உண்டு என்றாலும், அது பெரிய காசு இல்லை. கிழமைக்கு நாலைந்து யூரோ மிச்சம் என்றால் அது மரக்கறிக் காசு. அதைவிட முக்கியம், காசு கூட என்று நினைத்து வெளியே போவதையே குறைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பஸ் செலவுக்குப் பயந்து சங்கக் கூட்டத்துக்கு வராமல் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

சரி, புகையிரதத்துக்கு வருவோம். இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். பஸ்ஸில் கிடைக்கும் 34 வீதம், என்.எஸ். என்ற தேசிய ரயில் கொம்பனி ஓட்டும் ரயிலில் கிடையாது. அதற்கு டால் ஃபோர்டேல் என்ற மாதச் சந்தா எடுக்க வேண்டும். நெரிசல் இல்லாத நேரத்தில் 40 வீதம் கழிவு. வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9 மணி, மாலை 4 முதல் 6.30 வரை நெரிசல் நேரம். சனி, ஞாயிறில் முழு நாளும் கழிவு. நீங்கள் எந்த நேரத்தில் அட்டையைத் தட்டி உள்ளே போகிறீர்கள் என்பதுதான் கணக்கு. 8.40க்குத் தட்டினால் முழுக் காசு, 9 மணி தாண்டித் தட்டினால் கழிவு. பின்னேரம் 4 மணிக்கு முன் தட்டிவிட்டால், ரயில் போய்ச் சேர ஐந்தரை ஆனாலும் பரவாயில்லை. டென் ஹெல்டர் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நிலையத்தில் கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள். அந்தச் சந்தா வைத்திருக்கும் ஒருவரோடு சேர்ந்து போகும் மூன்று பேர் வரை 40 வீதக் கழிவில் போகலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. கோயிலுக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் நாங்கள். அதை எப்படிப் பதிவது என்று புறப்படும் முன் கேட்டு வைத்துக்கொண்டால் போதும். 60 வயது தாண்டியவர்கள் கொஞ்சம் மேலதிகமாகக் கட்டினால், வருடத்தில் 7 நாள் நெரிசலற்ற நேரத்தில் நாட்டின் எந்த மூலைக்கும் போய்வரும் வசதியும் இருக்கிறது. தூரத்தில் பிள்ளைகள் உள்ளவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

அடுத்தது வங்கி அட்டை. 2023இலிருந்து நாடு முழுக்க எந்த வாகனத்திலும் வங்கி அட்டையைத் தட்டிப் பயணம் செய்யலாம் என்று வந்தது. காசு ஏற்ற வேண்டாம், மீதி பார்க்க வேண்டாம் என்பதால் பல பிள்ளைகள் பெற்றோருக்கு அதையே பழக்கிவிட்டார்கள். ஆனால் அது வந்தபோது முழுக் கட்டணத்தைத்தான் எடுத்தது. உங்கள் அப்பா அம்மா தட்டும் அட்டை எதுவாக இருந்தாலும், வயதுக் கழிவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று கணக்கை எடுத்துப் பாருங்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே பணப்பையில் சிப்கார்டும் வங்கி அட்டையும் இருக்க, பையோடு சேர்த்துத் தட்டினால் ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது மற்றதும் பதிந்துவிடும். பிறகு இரண்டிலும் பயணம் முடியாமல் நிற்கும், இரண்டிலும் காசு போகும். எந்த அட்டையால் ஏறினீர்களோ அதையே தனியாக வெளியில் எடுத்துத் தட்ட வேண்டும்.

இறங்கும்போது தட்ட மறந்தாலும் அப்படித்தான். சிப்கார்டில் பஸ்ஸுக்கு 4 யூரோ, ரயிலுக்குச் சாதாரணமாக 20 யூரோ முதலே பிடித்துவைக்கிறார்கள். வெளியே தட்டினால்தான் மிச்சம் திரும்பும். தவறவிட்ட காசை இணையத்தில் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் காது மந்தமானவருக்குக் கருவியின் சத்தம் கேட்பதில்லை, பார்வை குறைந்தவருக்குத் திரையில் உள்ள எழுத்து தெரிவதில்லை. கதவு மூடப் போகிறதே என்ற பதற்றம் வேறு. சில நிலையங்களில் ஒரே மேடையில் இரண்டு ரயில் கொம்பனிகளின் அட்டை தட்டும் தூண்கள் நிற்கும். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுகிறவர், முதலில் வந்த கொம்பனியின் தூணில் முடித்துவிட்டு, பிறகு போகிற கொம்பனியின் தூணில் தட்ட வேண்டும். வயதானவர்களோடு போகும்போது இதை ஒருதரம் நின்று காட்டிக் கொடுங்கள். வீட்டில் வாயால் சொன்னால் நினைவில் நிற்காது.

இப்போது சிப்கார்டும் போகப் போகிறது. அதன் இடத்துக்கு ஓவே-பாஸ் என்ற புதிய அட்டை வருகிறது. எனக்குள்ள கவலை இதுதான். ஸ்ட்ரிப்பன்கார்ட் போய் சிப்கார்ட் வந்தபோது எத்தனையோ மூத்தவர்கள் கழிவைத் தவறவிட்டார்கள். இந்த மாற்றத்திலும் அதே ஆட்கள் தவறவிடுவார்கள், யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால். பழைய அட்டையை மாற்றும்போது பெயர் பதிந்த அட்டையாகவே எடுங்கள். பிறந்த திகதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அகதிப் பதிவின்போது பிறந்த நாள் தெரியாமல் சனவரி முதலாம் திகதி என்று எழுதப்பட்டவர்கள் எங்களில் உண்டு. பாஸ்போர்ட்டில் எது இருக்கிறதோ அதையே எழுத வேண்டும்.

போக்குவரத்துக் கொம்பனிகளிடமும் ஒன்று கேட்கிறேன். பெரிய நிலையங்களிலாவது ஆள் இருக்கும் கருமபீடத்தை மூடாதீர்கள். அடையாள அட்டையைக் காட்டி, அந்த இடத்திலேயே வயதுக் கழிவைப் போட்டுக்கொண்டு போகும் வசதி மூத்தவர்களுக்கு வேண்டும். கழிவு எவ்வளவு என்று உங்கள் விளம்பரங்களில் எழுதுகிறீர்கள். எந்த அட்டையில் கிடைக்காது என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தமிழ்ப் பாடசாலைகள் சனிக்கிழமைகளில் நடக்கின்றன. பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் வாசலில் கதைத்துக்கொண்டு நிற்கும் அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒரு மேசை போட்டு, பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை மடிக்கணினியோடு இருத்தினால் அப்பப்பா, அம்மம்மாமாரின் விண்ணப்பங்களை முடித்துவிடலாம். கோயில் நிர்வாகங்களும் திருவிழா நாட்களில் இதைச் செய்யலாம். பக்கத்தில் யாரும் இல்லாதவர்கள் நகர நூலகத்துக்குப் போய்க் கேளுங்கள். கணினி அலுவல்களுக்கு இலவசமாக உதவ அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். தனியாகப் பயணம் செய்யவே முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு, கூடப் போகிறவர் கட்டணமில்லாமல் வர அனுமதிக்கும் துணையாளர் அட்டை ஒன்றும் தனியே உண்டு. ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்கள் வருமானம் குறைந்த தங்கள் மூத்த குடிமக்களுக்கு இலவசப் பயணமே கொடுக்கின்றன. உங்கள் நகரசபையில் என்ன இருக்கிறது என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கும் முறையைப் படத்தோடு, பெரிய எழுத்தில், அரைப் பக்கமாகத் தமிழில் வெளியிடுங்கள். வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கக் கூடியதாக இருக்கட்டும். டச்சு விண்ணப்பத்தைத் தமிழில் எழுதித் தர ஆள் தேவையென்றால் நானும், எங்கள் சங்கத்தில் இன்னும் இரண்டு பேரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாசகி ஒருத்தி,
சாண்டாம், நெதர்லாந்து