கோப்பை கழுவாத ஒரு யூலை இரவு

பலெர்மோ, இத்தாலி
20.07.2024

மச்சான்,

"ஓகஸ்ட் 14 வருகிறோம், 16 காலை வெளிக்கிடுகிறோம். இரண்டு நாளில் உன்ர ஊரைப் பார்த்து முடிக்கலாம்தானே?" என்று நீ அனுப்பி மூன்று கிழமையாகிறது. பதில் போடாததற்குக் காரணம் கோபம் பாதி, கை பாதி. வலது கையில் கொதியெண்ணெய் ஊற்றுப்பட்டுவிட்டது. பொரிக்கிற சட்டியின் பிடி ஆடுது என்று முதலாளிக்கு மாசக்கணக்காகச் சொன்னேன். திங்கள் பார்ப்போம், திங்கள் பார்ப்போம் என்றான். திங்களுக்கு முதலே எண்ணெய் வந்துவிட்டது. இப்போது தோல் சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது, ஆனால் விரல் எல்லாம் மடங்குகிறது. அக்காவிடம் வாயைத் திறக்காதே, நேர்த்தி வைத்துவிடுவாள்.

அம்மாவின் முழங்கால் எப்படி? குண்டன் வேலை மாறிவிட்டானாம், நல்லது, இனியாவது கடனைத் தருவானா கேள்.

விசயத்துக்கு வருகிறேன். இந்தக் கையின் புண்ணியத்தில் 22 வருடத்தில் முதல் தடவையாக யூலை 14 இரவு நான் தெருவில் நின்றேன். உனக்கு விளங்காது. இங்கே அது நல்லூர்த் தேர் மாதிரி. இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவின் திருவிழா. 1624இல் கொள்ளைநோய் வந்து சனம் செத்துக் கொட்டியபோது மலையில் அவளுடைய எலும்புகளைக் கண்டெடுத்தார்கள், ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் அடங்கியது என்று கதை. இந்த முறை 400ஆவது. அந்த இரவுகளில் எல்லாம் நான் குசினியில், முதலில் கோப்பை கழுவினேன், பிறகு மீன் பொரித்தேன். வாணவேடிக்கையை நான் அறிந்தது புகைக்கூண்டுக்குள்ளால் வரும் சத்தமாக மட்டும்.

கதீட்ரலடியிலிருந்து தேர் இறங்கி நாலு சந்திக்கு வரும்போது வெக்கை குறைந்தபாடில்லை. சிரோக்கோ என்று ஆபிரிக்காப் பக்கமிருந்து ஒரு காற்று வரும், எங்கட கச்சான் காற்றை உலையில் வைத்து ஊதினது போல. சந்தியில் நகர மேயர் தேரில் ஏறி, "விவா பலெர்மோ எ சாந்தா ரொசாலியா!" என்று கத்தினார். சனம் திருப்பிக் கத்தியது. என்ர மனுசி, தன்னை மறந்து, "அரோகரா!" பக்கத்தில் நின்ற கிழவி திரும்பிப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுப்பதற்குள் அவளும் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். 'ர' கொஞ்சம் உருண்டது, மற்றபடி பிழையில்லை.

அப்புறம் கடற்கரைக்கு நடந்தோம். மச்சான், தின்றோமடா. பபலூச்சி என்று சின்ன வெள்ளை நத்தை, உள்ளி, பார்ஸ்லி, எண்ணெய் போட்டுப் பிரட்டி, ஒரு கோப்பை நிறையத் தருவார்கள். ஓட்டின் பின்பக்கம் பல்லால் சின்ன ஓட்டை, முன்பக்கத்தில் உறிஞ்சு. மட்டி தின்று வளர்ந்த எனக்குக் கூச்சமில்லை, இங்கே பிறந்த என்ர மகள்தான் "சத்தம் போடாதே அப்பா" என்றாள். சத்தம் போடாமல் அதைத் தின்ன ஏலாது. நத்தை உறிஞ்சுவதும் பெண்ணைக் கொஞ்சுவதும் ஒருநாளும் திகட்டாது என்று இந்த ஊரில் ஒரு பழமொழியே உண்டு. அதை மகளுக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

பிறகு ஸ்தில்யோலா. ஆட்டுக்குடலை வெங்காயத்தாளில் சுற்றித் தணலில் வாட்டுவது. புகை நாலு தெருவுக்கு எழும்பும், விலாசமே தேவையில்லை. பிறகு ஸ்பின்சோனே, பஞ்சு மாதிரித் தடித்த பாணில் தக்காளி, வெங்காயம், நெத்தலி, பாண்தூள். அதை விற்கிறவர்கள் மூன்று சில்லு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவார்கள். அதில் பதிந்து வைத்திருக்கும் கூவலைக் கேள்: "எண்ணெய் குறைவு, புழுதி நிறைவு!" தன் சாமானைத் தானே இப்படி நக்கலடித்து விற்கிறவனிடம் எப்படி வாங்காமல் வருவது? கடைசியில் ஜெலோ டி மெல்லோனே, வத்தகப்பழச் சாற்றை மாவுடன் காய்ச்சி ஆறவைத்த களி. மேலே கொட்டை மாதிரிச் சொக்கிலேற்றுத் துண்டு, மல்லிகைப்பூ. மல்லிகையை வாயருகே கொண்டுபோனதும் மனுசி பேசாமல் நின்றாள். நானும் கேட்கவில்லை.

இவ்வளவு வருடமும் நான் பொரித்துத் தட்டில் வைத்து ஜன்னலால் தள்ளிவிட்டேன், அது எங்கே போகிறது என்று தெரியாது. அன்று தெரிந்தது. இரவு ஒரு மணிக்கும் தள்ளுவண்டியில் குழந்தை, கதிரை கொண்டுவந்து வாசலில் போட்டிருக்கும் அப்பாச்சிமார், மடியில் உப்புக் கடலையும் பூசணி விதையும். பகல் முழுக்கக் கதவடைத்துப் படுத்த ஊர் அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டு வந்தது போல இருந்தது.

ஆனால் ஒன்று. வீட்டுக்கு வரும்போது வுச்சீரியா வழியாக வந்தோம். அந்தச் சந்தையின் கற்தரை காய்ந்தால் பார்ப்போம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஒருநாளும் நடக்காது என்று அர்த்தம், மீன்காரர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதால். இப்போது மீன்கடை விரல்விட்டு எண்ணலாம். பகலில் கல் காய்ந்துதான் கிடக்கிறது, இரவில் பியரால் நனைகிறது. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு பயணிகளுக்கு வாடகைக்குப் போய்விட்டது, வாசலில் சாவிப்பெட்டி தொங்குகிறது. எங்கள் வீட்டுக்காரரும் போன மாதம் வந்து சுவரை ஒரு தினுசாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயம். அந்தப் பயணிகள் வராவிட்டால் எனக்கு வேலையில்லை, வந்தால் எனக்கு வீடில்லை. இரவு இரண்டு மணிக்கு இதைக் கணக்குப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், வெளியில் யாரோ பொடியன்கள் பாடிக்கொண்டு போனார்கள், நல்லாகத்தான் பாடினார்கள்.

சரி, உன்ர திட்டத்துக்கு வா. ஓகஸ்ட் 15 வராதே. அன்று பெராகோஸ்தோ, நாடு முழுக்க விடுமுறை. கடைக்காரர், வைத்தியர், குழாய் திருத்துகிறவன் எல்லாரும் கடலில் நிற்பார்கள். மொந்தெல்லோவில் நீ துவாய் விரிக்க இடம் பிடிப்பதற்குள் உன் விமானம் புறப்பட்டுவிடும். உன்னைக் கூட்டிப்போய் நான் காட்டக்கூடியது பூட்டிய கதவுகள்தான்.

செப்டெம்பர் 3 வா. அன்றிரவு ரொசாலியாவின் மலைக்கு நடந்து ஏறுவார்கள், சிலர் வெறுங்காலோடு. 400 மீட்டர் அளவு ஏற்றம், உன்ர தொப்பையோடு மூன்று மணித்தியாலம் என்று வை. மேலே குகைக்குள்தான் கோயில், பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலி வைத்துப் பிடிக்கிறார்கள். எங்கட சனம் ஞாயிறு காலைகளில் ஏறும், வேதக்காரர், சைவக்காரர் என்று பார்ப்பதில்லை. கை சுகமானால் ஏறுகிறேன் என்று நானும் சொல்லி வைத்திருக்கிறேன். ஓம், ஓம், நேர்த்திதான். அக்காவிடம் சொல்லாதே.

வரும்போது வறுத்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ. இன்னொன்று, மண்ணீரல் பாண் வாங்கித் தருவேன், பன்றிக்கொழுப்பில் வதக்கி வைப்பது. கடைக்காரன் இரண்டு விதமாகத் தருவான்: வெறும் தேசிக்காய் பிழிந்தால் "கலியாணம் கட்டாதது", மேலே சீஸ் போட்டால் "கட்டினது". உனக்கு எது என்று இப்போதே யோசித்து வை. வரிசையில் நின்றுகொண்டு யோசித்தால் அவன் ஏசுவான்.

உன்ர
கட்டையன்