மண்ணை வெட்டும் முன் நீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனைப்பிரிவு, சாலைப் பணிகளில் 30 ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். நில மேம்பாட்டுக்கு நீர்த்தர அனுமதி (வேலையிடத்திலிருந்து வழியும் நீர் ஓடையைக் கெடுக்காதபடி பார்த்துத் தரும் ஒப்புதல்) எதற்கு, வீண் தாமதம்தானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். புல்பூண்டைச் சுரண்டிய நிலத்திலிருந்து மழைக்குப்பின் வழியும் நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கிவிடும். மறுநாள் காலையிலும் நீர் கலங்கியே இருக்கும். 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய களிமண் துகள்கள் எளிதில் படிவதில்லை. அந்தக் கலங்கல்தான் ஓடையில் வெளிச்சத்தை மறைக்கிறது, மீனின் செவுளை அடைக்கிறது, முட்டைகளை மூடிவிடுகிறது.

அமெரிக்காவில் 1 ஏக்கரோ அதற்கு மேலோ மண்ணைக் கிளறும் கட்டுமானத்துக்கு, மழைநீர் வெளியேற்ற அனுமதி பொதுவாகக் கட்டாயம். விதி நல்லதே. ஆனால் தாளில் இருப்பது தரையில் இருக்க வேண்டுமே!

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் வண்டல் தடுப்புத் துணியை வரிசையாகக் கட்டியிருந்தோம். அதன் அடிவிளிம்பை மண்ணில் புதைக்கவில்லை. முதல் மழையிலேயே சேறு துணிக்கு அடியில் புகுந்து ஓடைக்குப் போய்விட்டது. வாய் திறக்காமல் இருந்தேன். இன்றும் மனம் உறுத்துகிறது.

வண்டல் படியும் குட்டையை முதலில் வெட்டி முடித்த பிறகே நிலத்தைச் சுரண்ட அனுமதிக்க வேண்டும். ஆய்வாளர்கள் வெயில் நாளில் வந்து கையெழுத்திட்டுப் போனால் போதாது. மழை பெய்யும்போது வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்