சிறுகதைக்கு முழுப் பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் முழுப் பக்க அளவில் வந்துகொண்டிருந்த சிறுகதை, சில மாதங்களாக அரைப் பக்கமாகவும், விளம்பரம் மிகுந்த வாரங்களில் கால் பக்கமாகவும் குறைந்துவிட்டது. நீளமாக இருந்தால் இன்று யாரும் படிப்பதில்லை என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். சிறுகதைகளைத் தேடிப் படிப்பவன் என்ற முறையிலும், அவ்வப்போது எழுதிப் பார்ப்பவன் என்ற முறையிலும், இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நேரம் குறைவாக உள்ளவர்களுக்காகவே அமைந்த வடிவம்தான் சிறுகதை. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842ஆம் ஆண்டில் சக எழுத்தாளர் நத்தானியல் ஹாதோர்னின் கதைத் தொகுதிக்கு எழுதிய மதிப்புரையில், அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய கதைக்குத் தனி வலிமை உண்டு என்றார். நாவலை இடையில் மூடி வைத்தால் அன்றாடக் கவலைகள் புகுந்து அதன் பிடியைத் தளர்த்திவிடும். சிறுகதையைப் படிக்கும் நேரத்திலோ வாசகரின் மனம் முழுவதும் எழுத்தாளரின் வசம் இருக்கிறது என்பது அவருடைய வாதம். ஒரு பயணத்திலோ, இரவில் விளக்கை அணைப்பதற்கு முன்போ, ஒரு முழு வாழ்க்கைக்குள் போய்வர முடிவது சிறியதொரு இன்பமன்று.

அந்த இன்பம் எங்கே இருக்கிறது என்பதற்கு ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செக்காவின் 'துயரம்' கதையைச் சொல்வேன். மகனை இழந்து ஒரு வாரமே ஆன அயோனா என்ற முதிய வண்டிக்காரர், பனி கொட்டும் மாலையில், தம் துக்கத்தை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தவிக்கிறார். வண்டியில் ஏறும் ராணுவ அதிகாரி ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். பின்னர் ஏறும் மூன்று இளைஞர்களுக்கு அவர் வேடிக்கைப் பொருளாகிறார். தங்குமிடத்துக்குத் திரும்பினால், தண்ணீர் குடிக்க எழுந்த இளம் வண்டிக்காரனும், இவர் பேச்சைத் தொடங்கியதும் போர்த்திக்கொண்டு உறங்கிவிடுகிறான். கடைசியில் தொழுவத்தில், வைக்கோல் மென்றுகொண்டிருக்கும் தம் குதிரையிடம் அவர் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்குகிறார். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. மகன் எப்படி நோயுற்றான், இறக்கும்முன் என்ன சொன்னான் என்றெல்லாம் விரிவாகச் சொல்ல அவர் ஏங்கியதை நாம் அறிவோம். ஆனால் குதிரையிடம் அவர் சொன்ன அந்த 'எல்லாம்' என்ன என்பது நமக்குத் தரப்படவில்லை. கதை முழுக்க யாரும் காது கொடுக்காத ஒருவருக்கு, கதை முடிந்த பிறகு வாசகர்தான் காது கொடுக்க வேண்டியிருக்கிறது. சில பக்கங்களைப் படித்துவிட்டு நாள் முழுவதும் அந்தக் கிழவரோடு இருக்க நேர்வது, எழுதாமல் விட்டதன் வலிமையால்தான்.

எழுதுவதன் இன்பமும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் அனுபவம். மகனை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும் ஒரு தந்தையைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'அவருக்குத் துக்கம் தொண்டையை அடைத்தது' என்று எழுதினால் அது எல்லாத் தந்தையருக்கும் பொருந்தும் வரி. புறப்பட எழுந்தவர், அறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று இரண்டு முறை போட்டுப் பார்க்கிறார் என்று எழுதும்போது, இவர் இன்னார் என்பது எழுதுபவருக்கே முதல் முறையாகத் தெரியவருகிறது. அப்படியொரு செயல் வந்து விழும் கணத்துக்காக ஒரு வாரம் காத்திருக்கலாம். அது வந்த பிறகு, அதற்கு முன் எழுதிய விளக்கங்களை ஒவ்வொன்றாக அடிப்பதில் வருத்தமே இருப்பதில்லை. எழுதிப் பழகியவர்கள் பிறர் கதைகளையும் வேறு கண்ணோடு படிக்கிறார்கள். எந்த இடத்தில் எழுத்தாளர் பேசாமல் ஒதுங்கிக்கொண்டார் என்பதைக் கண்டு மகிழ்கிறார்கள்.

ஆனால், எழுத்தாளர் தாமாக விட்டுவிடுவது வேறு, இடமின்றி வெட்டப்படுவது வேறு. செக்காவ் தம் இளமையில் நகைச்சுவை வார இதழொன்றுக்கு நூறு வரிக் கட்டுப்பாட்டுக்குள் எழுதிக்கொண்டிருந்தவர். சுருக்கத்தை அங்கே கற்றார் என்பது உண்மை. அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார் என்பதும் உண்மை. 'துயரம்' 1886 ஜனவரியில் வெளியானது ஒரு நாளிதழில்தான் என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அடுத்த மாதமே இன்னொரு நாளிதழ் அவருக்குத் தாராளமாக இடம் தந்தது. அதன் பிறகு அவர் கதைகள் அடைந்த ஆழம் உலகறிந்தது. தமிழிலும் 1935இல் 'மணிக்கொடி' சிறுகதைக்கென்றே வரும் இதழாக மாறியதால்தான், புதிய முறையில் எழுத முற்பட்டவர்களுக்குக் களம் கிடைத்தது. இதழ்கள் இடம் தராமல் இந்த வடிவம் எங்கும் வளர்ந்ததில்லை.

ஆகவே, முழுப் பக்கத்தைச் சிறுகதைக்குத் திரும்பத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வாரந்தோறும் இயலாதென்றால் மாதம் இருமுறை தாருங்கள். கால் பக்கக் கதை நான்கைவிட முழுக் கதை இரண்டு மேல். கதையின் தலைப்புக்குக் கீழே, கட்டம் கட்டி, கதையின் முக்கியமான வரியை முன்கூட்டியே எடுத்துப் போடும் வழக்கத்தையும் கைவிட வேண்டுகிறேன். வாசகர் தாமே சென்றடைய வேண்டிய வரி அது. கதையைச் சுருக்க நேர்ந்தால், எந்தப் பகுதியை நீக்கலாம் என்பதை எழுதியவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்