பழைய படகுக்குச் சாமான் வாங்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல படகு. பலகை உக்கவில்லை, அணியத்து (முன்முனைப்) பக்கம் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது, தண்ணீர் தேங்கின இடமாக இருக்கும், சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் எழுத வந்தது நீ வாங்கப் போகிற சாமான்களைப் பற்றி. போனில் சொன்னால் "சரியப்பா சரியப்பா" என்று வைத்துவிடுவாய்.

நீ எழுதின சாமான் பட்டியல் முழுக்க மினுங்குகிற பித்தளையாக இருக்கிறது பிள்ளை. பழைய படகென்றால் பித்தளை என்று யார் சொன்னது? உன்னுடையது ஜிபி 14. ஜாக் ஹோல்ட் என்கிற ஆங்கிலேயப் படகு வடிவமைப்பாளர் 1949இல் வரைந்த பதினான்கு அடிப் பாய்ப்படகு. பெரிய யுத்தம் முடிந்து சனம் கையில் காசில்லாமல் இருந்த காலத்தில், பிளைவுட்டில் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று வந்தது. அதில் பணக்காரரின் பெரிய பாய்க்கப்பலுக்கு வார்த்த கனத்த சாமானைப் பூட்டினால் பொருந்தாது, பாரமும் கூடும். உன்னுடையது ஐம்பதுகளில் கட்டினது என்கிறாய். அப்படியென்றால் கப்பிகளுக்கு டஃப்னோல் தேடு. துணியையும் பிசினையும் சேர்த்து அழுத்தின மண்ணிறச் சாமான் அது, ஓரத்தில் பார்த்தால் துணியின் இழை தெரியும். கயிறு சுற்றிக் கட்டுகிற கிளீட்டை மரத்திலேயே செய்யலாம், உன் கைக்கு அது பெரிய வேலை இல்லை. கயிற்றைக் கவ்விப் பிடிக்கிற நைலோன் கிளீட் எல்லாம் பிந்தி வந்தவை, அவற்றைக் கழற்று.

ஆனால் வாங்குவதற்கு முதல் படகையே வடிவாகப் பார். கழற்றின சாமானுக்குக் கீழே வார்னிஷ் நிறம் மாறாமல் இருக்கும், அந்த நிழலின் உருவம்தான் அங்கே முதலில் இருந்த சாமானின் உருவம். பக்கத்தில் அடைத்த பழைய ஓட்டைகள் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுது, பிறகு அதே இடைவெளியுள்ள சாமானைத் தேடு. அளக்கும் வரைக்கும் உப்புத்தாளும் போடாதே, ஓட்டையும் அடைக்காதே. நிழல் ஒருமுறை போனால் போனதுதான்.

அடுத்தது திருகாணி. தலையில் ஒற்றைக் கீறல் உள்ளதையே வாங்கு, நட்சத்திரத் தலை போட்டால் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். தண்ணீருக்குக் கீழே பித்தளை வேண்டவே வேண்டாம். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கிறது, உப்புத் தண்ணீர் துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை மட்டும் விடும். பழைய திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார், மஞ்சளாக இல்லாமல் ரோஸ் நிறமாக இருந்தால் அதில் சத்தில்லை, திருப்பும்போதே முறியும். அந்த இடத்துக்குச் சிலிக்கன் வெண்கலம் போடு. எவர்சில்வரையும் வெண்கலத்தையும் ஒன்றோடொன்று முட்ட வைத்து உப்புத் தண்ணீரில் விடாதே, இரண்டு உலோகம் சேர்ந்தால் ஒன்று மற்றதை அரிக்கும். நனைந்த மரத்துக்குள் காற்றுப் படாமல் கிடக்கிற எவர்சில்வரும் அரிக்கும், கறள் பிடிக்காது என்று நம்பிவிடாதே.

பாய்க்குப் பருத்தி வேண்டுமா என்று கேட்டாய். வேண்டாம். டெரிலீன் என்கிற செயற்கை இழை 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது, ஐம்பதுகளில் பாய்களுக்கும் வந்துவிட்டது. உன் படகின் காலத்துக்கு அது பொய்யில்லை. பாய்மரத்தைத் தாங்குகிற கம்பி புதிதாகவே இருக்கட்டும், மிதக்க வைக்கிற காற்றுப் பைகளும் அப்படித்தான். அந்த இரண்டிலும் பழமை பார்க்காதே, நீ அதில் தனியாக ஏறப்போகிறாய்.

இவ்வளவு சின்னச் சாமானுக்கு அப்பா ஏன் இப்படி நிற்கிறார் என்று நினைப்பாய். நம்முடைய வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்கிற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவில் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போனது. அதை வாங்கின அமெரிக்கர் ராபின்சன் தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொல்லும், ஆனால் அதன் கப்பி எந்த மரம், கயிறு எந்தப் பக்கத்தால் போனது என்று கேட்டால் சொல்ல இன்றைக்கு எனக்குத் தெரிந்த ஓடாவி (படகு கட்டுகிற தச்சர்) ஒருவரும் இல்லை. எனக்கு அது பெரிய கவலை. ஃபைபர் வள்ளம் வந்தபிறகு பழைய சாமானை ஒருவரும் எடுத்து வைக்கவில்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதனால் கழற்றுகிற ஒவ்வொன்றையும், முறிந்ததையும்கூட, எங்கிருந்து எடுத்தது என்று துண்டு எழுதிக் கட்டி ஒரு பெட்டியில் போட்டு வை. படகின் பாய் இலக்கத்தை அந்த வகைப் படகுக்காரரின் சங்கத்திடம் சொல்லிக் கட்டின வருடத்தையும் கேள். ஐம்பதுகளின் தொடக்கமா கடைசியா என்பதைப் பொறுத்து நான் மேலே சொன்னதில் சிலது மாறும்.

பித்தளைக்குக் காசு கட்டியிருந்தால் திருப்பி எடுக்கிறார்களா என்று கேட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் எடு, பாய்மரம் நிற்கிற அடிக்கட்டையை வெளிச்சத்தில் படம் எடுத்து அதற்கு முதலே அனுப்பு.

அன்புடன்,
அப்பா