மவுஸ் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினி சிமுலேஷன்களை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிச் சோதனைகளைக் கொண்டு இயற்பியலும் வேதியியலும் கற்பிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் பாடங்களை நெடுநாளாக நடத்தி வருகிறவன் என்பதால் கட்டுரையாளரின் உற்சாகம் எனக்கும் உண்டு. ஆனால் 'இனி ஆய்வகமே வேண்டாம்' என்ற தொனியில் அவர் முடித்திருப்பது இடிக்கிறது. அதைவிட, அவர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது. வகுப்பில் மவுஸ் யார் கையில் இருக்கிறது?

பெரும்பாலும் ஆசிரியர் கையில்தான். பெரிய திரையில் அவர் ஓட்டிக் காட்டுகிறார், பிள்ளைகள் பார்க்கிறார்கள். அதற்கு ஒரு வீடியோவே போதுமே!

மின்சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்புக்குள் நுழையும் மின்னோட்டத்தில் கொஞ்சத்தைப் பல்பு தின்றுவிடும், மிச்சம்தான் மறுபக்கம் வரும் என்று நினைக்கிற மாணவர்கள் ஏராளம். ஓம் விதிக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்குகிறவர்களும் இதில் உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' (PhET) சிமுலேஷன் திட்டத்தில் இதற்கென்றே ஒரு சிமுலேஷன் இருக்கிறது. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக ஊர்வதைப் பார்க்கலாம். பல்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வேகம்தான். இப்போது இரண்டாவது பல்பைத் தொடராக இணைப்பதற்கு முன், "எந்த இடத்தில் வேகம் குறையும்? நோட்டில் எழுதுங்கள்" என்று கேட்க வேண்டும். 'இரண்டாவது பல்புக்கு அப்புறம்' என்று எழுதியவர் தன் கையாலேயே இணைத்துப் பார்க்கிறார். சுற்று முழுவதும் ஒரே சமயத்தில் வேகம் குறைகிறது. பக்கத்தில் இருப்பவரோடு சண்டை தொடங்குகிறது. பாடம் நடப்பது அந்தச் சண்டையில்தான். யாராவது பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்துத் திரையில் தீப்பிடிக்க வைப்பார்கள். வைக்கட்டும், நிஜ ஆய்வகத்தில் அதற்கு யார் விடுவார்கள்?

வேதியியலிலும் இதே கதைதான். தண்ணீர் உருவாகும் சமன்பாட்டில் ஆக்சிஜன் அணு ஒன்று கணக்கில் மிஞ்சுகிறது என்றதும், தண்ணீரின் வாய்பாட்டிலேயே ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டு வேலையை முடித்துவிடுவார்கள். தண்ணீர் இப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வேறு பொருளாகிவிட்டது என்று கரும்பலகையில் எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாது. இதற்கான சிமுலேஷனில் அந்தக் கீழ் எண்ணைத் தொடவே முடியாது. மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மட்டுமே கூட்டலாம், குறைக்கலாம். கொஞ்ச நேரம் அதோடு மல்லுக்கட்டியதும், வாய்பாடு என்பது பொருளின் அடையாளம், அதில் கைவைக்கக் கூடாது என்று தாங்களாகவே பிடித்துக்கொள்கிறார்கள்.

இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. 2005இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான ஓர் ஆய்வில், சிமுலேஷனில் மின்சுற்று பயின்ற மாணவர்கள், நிஜ பல்பும் கம்பியும் வைத்துப் பயின்றவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் மட்டுமல்ல, பிறகு நிஜச் சுற்றை அமைத்து விளக்குவதிலும் நன்றாகச் செய்தார்கள்.

அப்படியானால் ஆய்வகத்தைப் பூட்டிவிடலாமா? கூடாது. மின்சுற்றில் கண்ணுக்குத் தெரியாதது எலக்ட்ரான், அதைத் திரை காட்டிவிட்டது. ஆனால் ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு அதன் செறிவை அளக்கும் தரம் பார்த்தலில் கண்ணை விடக் கைதான் பழக வேண்டும். ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி விட்ட கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாகி நிற்க வேண்டிய இடத்தில், சொட்டு விடும் அளவுக் குழாயான பியூரெட்டின் திருகை ஒரு கணம் தாமதமாக மூடினால் அடர்ந்த நிறம் வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை 24.6 மில்லிலிட்டர் செலவாகும், அடுத்த முறை 24.8. எதை நம்புவது, ஏன் மாறுகிறது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. திரையில் பெரும்பாலும் எத்தனை முறை செய்தாலும் அதே விடைதான்.

திரை சொல்வதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் போகும்போது, எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. நீல உருண்டைகளோ ஓட்டமாக ஓடுகின்றன! எண்ணிக்கையும் விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருக்கிறது. திரையில் இருப்பது புரியவைக்க வரைந்த ஒரு மாதிரி வடிவம்தான், நிஜத்தின் படம் அல்ல. 'இதில் எது பொய்?' என்று மாணவர்களையே தேடச் சொல்வேன். இந்த விளையாட்டுக்கு என் வகுப்பில் தனி வரவேற்பு உண்டு.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், ஆளுக்கொரு கணினி இல்லாத வகுப்பில் இதை எப்படி நடத்துவது என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று பேருக்கு ஒரு கணினி இருந்தாலே போதும் என்பது என் அனுபவம். இந்தச் சிமுலேஷன்கள் இலவசம், பல தமிழிலும் உண்டு, ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஒரே ஒரு கணினிதான் என்றால், மாணவர் ஒருவரை அதன் முன் உட்காரவைத்துவிட்டு ஆசிரியர் கடைசி பெஞ்சுக்குப் போய்விடட்டும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்